விடை தெரிந்தவர் கடைசியில் பேசட்டும்: சங்கீதப் புதிர்களைக் கூடி விடுவிப்பது

கர்நாடக சங்கீத வினாடி வினாவில் கலந்துகொள்ளப் போகிறேன், எந்தப் புத்தகத்தை உருப்போடலாம் என்று கேட்பவர்களிடம், உருப்போடுவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன். 72 மேளகர்த்தாவையும், அதாவது ஏழு ஸ்வரமும் கொண்ட தாய் ராகங்களையும், கடகடவென்று ஒப்பிப்பவர் புதிர் என்று வந்தால் திணறுவார். ஒரு வர்ணம்கூடப் பாடத் தெரியாத, கச்சேரி கேட்டுக் கேட்டே காது பழகிய ரசிகர் சட்டென்று பிடித்துவிடுவார். கையில் கிடைத்த ஒரு நுனியைப் பிடித்து இழுக்க இரண்டு மூன்று வழி தெரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் நம்மைப்போல யோசிக்காத நாலு பேர் வேண்டும்.

எங்கள் குழுவில் வயலின் கற்கும் பையன் ஒருவன், மிருதங்கம் வாசிக்கும் சார் ஒருவர், வடமொழி படித்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், சின்ன வயதிலிருந்து கச்சேரி விடாமல் கேட்டுவரும் மாமி ஒருவர் இருக்கிறார்கள். நான் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து குறிப்பெடுப்பவன். எங்களுக்குள் ஒரே ஒரு கட்டுப்பாடு: விடை பளிச்சென்று தெரிந்துவிட்டவர் கடைசியில்தான் பேச வேண்டும். அவர் முதலில் சொல்லிவிட்டால் மற்ற நாலு பேருக்கும் அன்றைய பொழுது முடிந்தது. யாரும் எதையும் கற்றிருக்க மாட்டார்கள்.

புதிதாக வருபவர் முதலில் கைவசப்படுத்த வேண்டியது கடபயாதி, அதாவது வடமொழி எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கும் முறை. மேளராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்துக்கு எண் கண்டுபிடித்து, திருப்பிப் போட்டால் 72இல் அந்த மேளத்தின் எண். மாயாமாளவகௌளையில் ம 5, ய 1. 51ஐத் திருப்பினால் 15. இதுவரை எல்லாப் புத்தகமும் சொல்லும். தமிழில் எழுதிப் பார்க்கும்போதுதான் சிக்கல் வரும். நமக்கு இருப்பது ஒரே ககரம், வடமொழியில் அது நான்கு. கரகரப்ரியாவும் கௌரிமனோகரியும் தமிழ்க் கண்ணுக்கு க, ர என்றுதான் தெரியும். ஆனால் முன்னதில் வருவது இரண்டாவது ககரம், எண் 2, ஆகவே 22. பின்னதில் மூன்றாவது ககரம், எண் 3, ஆகவே 23. கனகாங்கி 1 என்பதும் கானமூர்த்தி 3 என்பதும் இதே கதைதான். பழைய கீர்த்தனைப் புத்தகங்களில் எழுத்தின் தலையில் 2, 3, 4 என்று பொடி எண் போட்டிருப்பார்களே, அதைப் பார்த்து வாய்விட்டு உச்சரித்துப் பழகினால் இந்தக் குழப்பம் தீரும்.

கூட்டெழுத்து வந்தால் இன்னொரு வம்பு. தர்மவதியில் ‘ர்ம’ என்ற இடத்தில் மகரத்தை எடுக்க வேண்டும்: 9, 5, திருப்பினால் 59. ரகரத்தை எடுத்தால் 29 வந்து, சங்கராபரணத்தின் வாசலில் போய் நிற்போம். சக்ரவாகத்தில் இதற்கு நேர்மாறு: ககரத்தை எடுத்தால்தான் 16, ரகரத்தை எடுத்தால் 26, அது சாருகேசியின் எண். எந்த எழுத்தை எடுப்பது என்று இங்கே ஒரே விதி செல்லாது. அதனால் கடபயாதியை மட்டும் நம்பி விடையைப் பூட்டிவிடாமல், வந்த எண்ணை ஸ்வரங்களோடு ஒருமுறை ஒத்துப் பார்த்துவிடுவது எங்கள் வழக்கம்.

ஒத்துப் பார்க்க, 72 மேளத்தையும் பன்னிரண்டாகப் பிரிக்கும் சக்கரக் கணக்கு போதும். சக்கரத்துக்கு ஆறு ராகமாக இந்து, நேத்ர, அக்னி, வேத, பாண, ருது என்று முதல் ஆறு சக்கரங்கள் சுத்த மத்யமம், அதாவது தாழ்ந்த ‘ம’. ரிஷி, வசு, பிரம்ம, திசி, ருத்ர, ஆதித்ய என்று அடுத்த ஆறு பிரதி மத்யமம், உயர்ந்த ‘ம’. சந்திரன் ஒன்று, கண் இரண்டு, வேதம் நான்கு, மன்மதன் அம்பு ஐந்து என்று பெயரே எண்ணைச் சொல்லிவிடும். எந்தச் சக்கரமானாலும் நான்காவது ராகத்துக்குச் சதுச்ருதி தைவதமும் கைசிகி நிஷாதமும், ஐந்தாவதுக்குச் சதுச்ருதி தைவதமும் காகலி நிஷாதமும் (‘த’, ‘நி’ ஸ்வரங்களின் வகைகள் இவை). இந்த ஒரு வரி தெரிந்தால், சக்ரவாகத்துக்கு 16 என்பது சரி என்று உடனே தெரியும்: அக்னியில் நான்காவது, பாடிப் பார்த்தால் கைசிகிதான்.

ஒருநாள் ஆசிரியர் எழுதிக்கொண்டு வந்த புதிர் இது: “பாணத்தில் ஐந்தாம் வீடு என்னுடையது. என் மத்யமத்தை மாற்றினாலும் ஒருத்தி வருவாள். என் மத்யமத்தின் மேல் ஏறி நின்றாலும் அவளே வருவாள். அவள் யார்?”

பாணம் 25இல் தொடங்குகிறது, ஐந்தாம் வீடு 29, தீரசங்கராபரணம். இது எல்லோருக்கும் வந்துவிட்டது. மத்யமத்தை மாற்றினால் 36ஐக் கூட்ட வேண்டும், 65, மேசகல்யாணி. இங்கேயே நிறுத்திக் கையைத் தூக்குபவர்கள்தான் அதிகம். இரண்டாவது பாதியைச் சோதிக்காமல் விடை சொல்லக் கூடாது என்று பையனை வயலின் எடுக்கச் சொன்னோம். சங்கராபரணத்தின் மத்யமத்தை ஷட்ஜமாக, அதாவது ‘ச’வாக, வைத்துக்கொண்டு அதே ஸ்வரங்களை வாசித்தான். நாலு ஸ்வரம் ஏறுவதற்குள் மாமி சிரித்துவிட்டார்.

“கல்யாணிதான்டா. இதுக்குப் போய் இத்தனை கூட்டலா?”

“கூட்டாம எப்படி மாமி கண்டுபிடிச்சீங்க?”

“பிரதி மத்யமம் வந்து நிக்கறதே, காது கேக்கலையா உனக்கு?”

எண் வழியாக வந்தவரும் காது வழியாக வந்தவரும் ஒரே இடத்தில் சந்திக்கும்போது விடை உறுதி. அதே சங்கராபரணத்தில் ரிஷபத்தை ஆதாரமாக்கினால் கரகரப்ரியா, காந்தாரத்தில் தோடி, பஞ்சமத்தில் ஹரிகாம்போஜி, தைவதத்தில் நடபைரவி. நிஷாதத்தில் நின்றால் பஞ்சமம் கிடைக்காது, ஆகவே மேளம் இல்லை. இப்படி ஆதார ஸ்வரத்தை மாற்றிப் பார்க்கும் கிரக பேதத்தைப் பட்டியலாகப் படித்தால் மறுநாளே மறந்துபோகும். ஒருமுறை வாசித்துக் கேட்டுவிட்டால் மறக்காது. மோகனத்திலும் இதைச் செய்து பாருங்கள்: ரிஷபத்தில் மத்யமாவதி, காந்தாரத்தில் ஹிந்தோளம், பஞ்சமத்தில் சுத்த சாவேரி, தைவதத்தில் சுத்த தன்யாசி. புதிர் போடுபவர்களுக்கு மிகப் பிடித்த இடம் இது.

தாளக் கேள்விகளைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் மதிப்பெண் சுலபமாகக் கிடைப்பது இங்கேதான், ஏனென்றால் கணக்கு தவிர வேறெதுவும் இல்லை. “எட்டு அட்சரம், ஆனால் ஆதி இல்லை” என்று ஒரு கேள்வி வந்தது. அட்சரம் என்பது தாளத்தின் ஒரு எண்ணிக்கை. ஆதி என்பது சதுஸ்ர ஜாதி திரிபுடை, 4+2+2: தட்டி விரல் எண்ணும் லகு நான்கு, பிறகு இரண்டிரண்டாக இரண்டு த்ருதம். லகுவின் நீளத்தைச் சொல்வதுதான் ஜாதி. மிருதங்க சார் விரலை மடக்கிக்கொண்டே திஸ்ர மட்யம் என்றார்: 3+2+3. பையன் கண்ட ஜம்பை என்றான்: 5+1+2. இரண்டும் எட்டுதான். கேள்வியை மறுபடி படித்தால், அனுத்ருதம், அதாவது ஒரே எண்ணிக்கை கொண்ட அங்கம், உண்டு என்று ஒரு மூலையில் இருந்தது. அடிப்படையான ஏழு தாளங்களில், அதாவது சப்த தாளங்களில், ஜம்பையைத் தவிர வேறெதிலும் அனுத்ருதம் கிடையாது. பையன் சொன்னது சரி. 14 அட்சரமும் இப்படித்தான். வர்ணம் பாடுபவர்கள் கண்ட ஜாதி அட தாளம் என்று உடனே சொல்வார்கள், சதுஸ்ர துருவத்தை மறந்துவிடுவார்கள்.

வாக்கேயக்காரர், அதாவது பாட்டு இயற்றியவர், தம் பாட்டில் அடையாளமாக வைக்கும் முத்திரைகளைப் பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளலாம், அது பெரிய வேலை இல்லை. குருகுஹ என்றால் முத்துசுவாமி தீட்சிதர், சியாமகிருஷ்ண என்றால் சியாமா சாஸ்திரி, வேங்கடேச என்றால் பெரும்பாலும் பட்டணம் சுப்பிரமணிய ஐயர், ராமதாசன் என்றால் பாபநாசம் சிவன். வழுக்குமிடங்கள் இரண்டுதான். மகாவைத்தியநாத ஐயரின் குஹதாசவை அவசரத்தில் குருகுஹ என்று படித்துவிடுவோம். சுவாதித் திருநாள் பத்மநாபனைப் பங்கஜநாப, சரசிஜநாப என்று தாமரைக்கான வெவ்வேறு சொற்களில் மறைத்து வைப்பார். வருடங்களில் எல்லாவற்றையும் சுமக்க வேண்டாம். தியாகராஜர் 1767–1847, தீட்சிதர் 1775–1835, சியாமா சாஸ்திரி 1762–1827, சுவாதித் திருநாள் 1813–1846. இந்த நான்கு மட்டும் இருந்தால் யார் யாரைச் சந்தித்திருக்க முடியும், யார் முடியாது என்ற கேள்விகளில் பாதியைக் கழித்துக்கட்டிவிடலாம். சுவாதித் திருநாள் தியாகராஜருக்கு மிகப் பின்னால் பிறந்து, அவருக்கு முன்பே மறைந்தவர். இந்த ஒரு விஷயத்தை வைத்து எத்தனையோ கேள்வி வருகிறது.

சண்டை வருவதெல்லாம் மரபு விஷயத்தில். 22ஆவது மேளம் எது என்றால் கரகரப்ரியா என்போம். தீட்சிதர் பின்பற்றிய, ஏழு ஸ்வரமும் வரிசையாக வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தாத அசம்பூர்ண மேள மரபில் அந்த இடத்தில் இருப்பது ஸ்ரீராகம். அதே மரபில் சக்ரவாகத்தின் இடம் தோயவேகவாகினிக்கு, ஷண்முகப்ரியாவின் இடம் சாமரத்துக்கு. கடபயாதி இவற்றுக்கும் செல்லும் என்பது அழகு: சாமரத்தில் ச 6, ம 5, 56. சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியைப் புரட்டியவர் ஒரு விடையும், இன்றைய பாடப்புத்தகம் படித்தவர் வேறொரு விடையும் சொன்னால் இருவரும் சரிதான். குற்றம் கேள்வி போட்டவர் மேல். எந்த மரபு என்று கேட்டு வாங்கிக்கொண்டு பிறகு யோசியுங்கள். போட்டியிலும் அப்படிக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

செல்போன் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் கைவிட்ட பிறகுதான் அது மேசைக்கு வர வேண்டும், வந்தாலும் பாட்டுக் கேட்க மட்டும். ராகத்தின் பெயரைத் தட்டித் தேடினால் ஸ்வரங்களின் ஏறுவரிசையும் இறங்குவரிசையுமான ஆரோகண அவரோகணம் கிடைக்கும், ராகம் கிடைக்காது. அதே சமயம், சினிமாப் பாட்டு வழியாக ராகத்தைப் பிடிப்பவரைப் பார்த்து முகம் சுளிக்கும் பழக்கம் சில குழுக்களில் இருக்கிறது, அது எனக்குச் சம்மதமில்லை. எந்த வாசல் வழியாக வந்தாலும் ஸ்வரத்தைச் சொல்லி நிரூபித்தால் போதும்.

கொஞ்சம் பழகியதும் நீங்களே புதிர் போட ஆரம்பித்துவிடுங்கள். எழுதியதை, உங்களுக்குத் தெரியாத துறையில் கெட்டிக்காரராக இருப்பவரிடம் முதலில் காட்டுங்கள். ராகப் புதிரை மிருதங்கக்காரரிடம், தாளப் புதிரைப் பாடகரிடம். இரண்டாவது விடை ஒன்று ஒளிந்திருந்தால் அவர்கள் கண்ணில்தான் படும். எங்கள் சார் அடுத்த முறைக்கென்று கொடுத்திருப்பது இது: ஏழு தாளமும் ஐந்து ஜாதியும் சேர்ந்து வரும் 35 தாளங்களில் ஏழு அட்சரம் வருபவை எத்தனை, அவற்றில் லகு மட்டுமே உள்ளது எது? லகுவின் ஜாதிகள் 3, 4, 5, 7, 9 என்பதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.