எடையோட குணம்

"இவ்ளோ பெரிய லாரிய எப்படிங்க ஓட்டுறீங்க?"னு கேக்கிறவங்க நீளத்தையும் உயரத்தையும் பாத்துதான் கேக்கிறாங்க. நீளம் ஆறு மாசத்துல பழகிடும். முன் சக்கரம் போன தடத்துல பின் சக்கரம் வராது, உள்பக்கமா வெட்டிக்கிட்டு வரும். அதுக்காக அகலமா போய் லேட்டா ஒடிக்கிறது கைக்கே தெரிஞ்சிடும். பழகாதது எடை. பதினெட்டு வருசமா ஓட்டுறேன், லோடு மாறுற ஒவ்வொரு தடவையும் முதல் பத்து கிலோமீட்டர் நான் புது டிரைவர்தான்.

சிமென்ட் மூட்டைன்னா எடை தாழ உக்காந்திருக்கும், வண்டி தரையோட ஒட்டிப் போகும். பஞ்சுப் பொதிய உயரமா அடுக்கினா எடை கம்மிதான், ஆனா வளைவுல மேல் பாதி மட்டும் தனியா வேற ஊருக்குப் போகப் பாக்கும். இரும்புச் சுருள் ஏத்தின அன்னைக்கு, சங்கிலிய நானே ரெண்டு தடவை இழுத்துப் பாக்காம ஸ்டியரிங்ல உக்கார மாட்டேன். பிரேக் போட்டா அது வர்ற திசையில முதல்ல இருக்கிறது என் முதுகு.

டேங்கர் கதையே வேற. நிரம்பின டேங்கர் சாது, பாதி நிரம்பினதுதான் ஆபத்து. பிரேக் போட்டு நிறுத்தியாச்சு, கால் இன்னும் பெடல்லதான் இருக்கு, அப்ப பின்னாலருந்து யாரோ தோள் கொடுத்துத் தள்ளின மாதிரி ஒரு இடி வரும். உள்ளே இருக்கிற திரவம் ஒரு அலையா முன்னாடி வந்து மோதுது. அலைய உடைக்க உள்ளே துளை போட்ட தடுப்புத் தகடு வைப்பாங்க. நல்லா கழுவணும்கிறதுக்காக சில டேங்கர்ல அதுவும் இருக்காது.

காலி வண்டி சுலபம்னு நினைக்காதீங்க. எடையத் தாங்குற ஸ்பிரிங் பட்டை, பிரேக் எல்லாம் முழு லோடுக்குக் கணக்குப் பண்ணி வச்சது. காலியா போனா வண்டி குதிக்கும், மழையில கொஞ்சம் அழுத்தி மிதிச்சாலே பின் சக்கரம் பூட்டிக்கிட்டு வழுக்கும். லோடு வண்டியில நான் பயந்ததைவிட மழைநாள் காலி வண்டியில பயந்ததுதான் அதிகம்.

காலையில ஸ்டார்ட் பண்ணினதும் கிளம்பிட முடியாது, பிரேக்குக்கு ஏர் ஏறணும். மீட்டர் முள் மெதுவா ஏறி, காத்தழுத்தம் சுமார் 8 பார் வந்ததும் 'புஸ்'னு ஒரு சத்தம் விடும். காத்து போதுமான அளவு ஏறுற வரைக்கும் பின் சக்கரத்த ஒரு முரட்டு ஸ்பிரிங் பிடிச்சு வச்சிருக்கும். காத்துதான் அந்தப் பிடிய விடுவிக்குது. நிறைய பேர் இதைத் தலைகீழா புரிஞ்சு வச்சிருக்காங்க. ஓடுறப்ப காத்து ஒரேயடியா இறங்கிட்டா அந்த ஸ்பிரிங் தானாவே பிடிச்சுக்கும்.

ஆனா ஓடுறப்ப பெடலை மிதிச்சா பிரேக்கைப் பிடிக்க வைக்கிறதும் காத்துதான். அது குழாய்ல போய்ச் சேர நேரம் ஆகும், அரை நொடி வச்சுக்குங்க. 60 கிலோமீட்டர் வேகத்துல அரை நொடின்னா எட்டு மீட்டர். நான் மிதிச்சதுக்கும் சக்கரம் பிடிக்கிறதுக்கும் நடுவுல ரெண்டு கார் நீளத்துக்கு வண்டி ஓடிப்போயிடுது. அதுக்காகத்தான் முன்னாடி அவ்ளோ இடம் விட்டு வர்றேன். உடனே ஒரு கார் 'அட, இடம் இருக்கே'னு உள்ளே பூந்துடும். நான் மறுபடி பின்வாங்குவேன். இன்னொருத்தர் வருவார். ராத்திரி வரைக்கும் இதே வேலை.

கிளீனரா இருந்த காலம் முடிஞ்சு, ஸ்டியரிங் கைக்கு வந்த முதல் வருசம். ஒரு மலை இறக்கம், இருபது டன்னுக்கு மேல லோடு. மூணாவது கியர்ல இறங்க வேண்டியவன் அஞ்சாவதுல இறங்கினேன். காலை பிரேக் மேலயே வச்சு லேசா தேச்சுக்கிட்டே வந்தேன். பக்கத்துல உக்காந்திருந்த அண்ணன் மூக்கைச் சுருக்கினார். "டேய், மோந்து பாரு." சக்கர டிரம்மை உள்ளருந்து உரசிப் பிடிக்கிற லைனர் கருகுற வாடை. சூட்டுல டிரம் விரிஞ்சு விலகிடும், லைனர் எட்டிப் பிடிக்கவே தூரம் அதிகமாயிடும். இதுல கொடுமை என்னன்னா, ஏர் பிரேக்ல பெடல் காலுக்கு ஒண்ணும் சொல்லாது. பிடிச்சாலும் பிடிக்கலைன்னாலும் காலுக்கு ஒரே மாதிரிதான்.

பதற்றத்துல கியரைக் குறைக்கக் கையை வச்சேன். மணிக்கட்டுலயே ஒரு அடி. "எடுக்காதடா! எடுத்தா திரும்ப விழாது." நியூட்ரல்ல மாட்டியிருந்தா இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். புகை போற வழிய அடைச்சு எஞ்சினாலயே வேகத்தை இழுத்துப் பிடிக்கிற எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடச் சொன்னார், தேய்க்காம ஒரே அழுத்தா அழுத்தச் சொன்னார். ரோடு அகலமாகுற ஒரு இடத்துல ஒருவழியா நின்னுச்சு. எல்லாச் சக்கரத்துலயும் புகை. நான் தண்ணிக் கேனைத் தூக்கிட்டு ஓடினேன், அதுக்கும் திட்டு. சூட்டுல தண்ணி பட்டா டிரம் வெடிப்பு விட்டுடுமாம். கட்டை போட்டுட்டு ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தோம். என் கால் நடுங்கினதை அவர் பாக்காத மாதிரி இருந்தார்.

எஞ்சின்ல பேர் போட்டிருக்கே, கம்மின்ஸ்னு, அந்த டீசல் எஞ்சின் கம்பெனிய ஆரம்பிச்ச கிளெஸ்ஸி கம்மின்ஸுக்கே இது நடந்திருக்கு. 1931-ல கலிபோர்னியாவுல கஹோன் கணவாய் இறங்கறப்ப பிரேக் போயி, அடிவாரத்துல போயிட்டிருந்த ரயில்ல மோதாம மயிரிழையில தப்பிச்சார். அந்த பயம் அவரை விடல. எஞ்சின் அழுத்தி வச்ச காத்தை வால்வு வழியா வெளியே விட்டு, எஞ்சினையே பிரேக்கா மாத்துற ஒரு அமைப்பைப் பின்னாடி கண்டுபிடிச்சார். 1961-ல விற்பனைக்கு வந்துச்சு. முப்பது வருசம்! எனக்கு அந்த இறக்கம் இன்னும் கனவுல வருது, அதனால அவரை நல்லாவே புரியுது.

எந்த கியர்ல ஏறுவியோ அதே கியர்ல இறங்குன்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க. இப்ப வர்ற எஞ்சின் பெரிய கியர்லயே ஏறிடுது, அதனால நான் அதுக்கும் ஒண்ணு கம்மியாவே போடுறேன்.

வண்டி நிக்கிறப்ப ஒரு கம்பியால டயரைத் தட்டிக்கிட்டே சுத்தி வருவேன். ரெட்டை டயர்ல உள்டயர் காத்து போனா கண்ணுக்குத் தெரியாது, வெளி டயர் தாங்கி நிக்கும். சத்தம்தான் சொல்லும். கிண்ணுனு வந்தா சரி, மொத்துனு வந்தா ஜாக்கிய எடுக்கணும்.

டூவீலர்காரங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. கிளீனர் பக்கம், அதாவது இடது பக்கம், முன் சக்கரத்த ஒட்டி நீங்க நிக்கிறப்ப எனக்கு நீங்க இல்லவே இல்ல. என் கண்ணாடியில என் முகம் உங்களுக்குத் தெரியலைன்னா எனக்கும் நீங்க தெரிய மாட்டீங்க.

தூக்கத்தைப் பத்தி அதிகம் எழுத வேண்டாம்னு பாக்குறேன். ராத்திரி ரெண்டு மணியிலருந்து நாலு வரைக்கும் கண் திறந்தே இருக்கும், ஆனா கடைசி பத்து கிலோமீட்டர் ஞாபகத்துல இருக்காது. பாட்டு போடுறது, முகம் கழுவுறது எல்லாம் கால் மணி நேரத்துக்குத்தான். ஓரம் கட்டிட்டுப் படுத்துடுவேன். லோடு லேட்டுன்னு போன் வந்தா வரட்டும்.

லீவுல வீட்டுக் காரை ஓட்டறப்பவும் முன்னாடி நாலு வண்டி நிக்கிற இடம் விட்டுத்தான் போறேன். போன வாரம் பின்சீட்லருந்து பொண்ணு கேட்டா, "அப்பா, நாம அந்தக் கார்கூடத்தான் போறோமா, இல்ல அது போன அப்புறம் போறோமா?"