குறுக்குக்கட்டையைத் தேடுங்கள்: தரங்கம்பாடிக் கரையிலிருந்து

மயிலாடுதுறையில் பஸ் ஏறினால் செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர் தாண்டித் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்றுக் கட்டத் தொடங்கிய டேன்ஸ்பர்க் கோட்டையின் முன் நின்று கடலைப் பாருங்கள். கப்பல் ஒதுங்க ஒரு மறைவும் கிடையாது. பெரிய கப்பல்கள் திறந்த கடலிலேயே நின்றன. சலங்கு என்ற படகும் கட்டுமரமும்தான் அலை தாண்டிச் சரக்கு ஏற்றி இறக்கின. இந்தக் கரையில் கப்பலின் உயிரே நங்கூரத்தில்தான்.

கடல்சார் அருங்காட்சியகங்களின் வாசலில் பழைய போர்க்கப்பல் நங்கூரம் கிடந்தால், படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். நடுவில் தண்டு, அடியில் இரண்டு கைகள், கை நுனியில் மண்வெட்டி இலைபோல் அகன்ற நகம், தலையில் வளையம். வளையத்துக்குச் சற்றுக் கீழே தண்டின் பக்கங்களில் இரும்புப் புடைப்பு இருக்கிறதா பாருங்கள். மரக் குறுக்குக்கட்டை உட்கார்ந்த இடம் அது. ஓக் மரத்தை இரண்டு பாதியாகச் செதுக்கி, தண்டைக் கவ்வவைத்து, இரும்புப் பட்டை போட்டு இறுக்குவார்கள். நீளம் ஏறக்குறைய தண்டளவு.

அந்தக் கட்டை கைகளுக்குக் குறுக்கே, 90 பாகையில் நிற்கும். கைகள் தரையில் படுத்துவிட்டாலும், வடம் இழுக்கும்போது கட்டை நங்கூரத்தைப் புரட்டி ஒரு நகத்தை மண்ணுக்குள் இறக்கும். அது இல்லாவிட்டால் நகம் கடிக்காது, நங்கூரம் அரைத்துக்கொண்டே போகும். மரம் உளுத்துவிடுவதால் காட்சியில் இருக்கும் பல நங்கூரங்களில் இந்த முக்கியமான உறுப்பே இல்லை. ஒரு மாதிரிக் கட்டையாவது பொருத்தி வைக்க வேண்டும்.

வடம் குட்டையானாலும் ஆபத்து: இழுப்பு மேல்நோக்கிப் போய் நகத்தைப் பெயர்த்துவிடும். 10 மீட்டர் ஆழத்துக்கு 50 முதல் 70 மீட்டர் கயிறு விட வேண்டும். காற்று வாடையிலிருந்து கொண்டலுக்குத் திரும்பினால் கப்பலும் சுற்றும். மேலே நீட்டிநிற்கும் நகத்தில் வடம் சிக்கிக்கொள்ளும். சணல் வடம் வளையத்தில் உராய்ந்து அறுவதைத் தடுக்க, வளையம் முழுக்கப் பழங்கயிறு சுற்றுவார்கள். 19-ஆம் நூற்றாண்டில் வந்த சங்கிலி தன் கனத்தாலேயே தண்டைத் தரையோடு படுக்கவைத்தது.

நங்கூரம் எவ்வளவு பெரிதானாலும் புயலுக்கு உத்தரவாதம் இல்லை. 1749 ஏப்ரல் புயலில் கடலூர்ப் பக்கம் ‘நாமூர்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் 500 பேருக்கு மேல் பலிகொண்டு உடைந்தது.

துருவையும் கவனியுங்கள். ஆரஞ்சு நிறத் துளிகள் கசிந்து, இரும்பு ஏடு ஏடாக உரிந்தால் உள்ளே உப்பு இருக்கிறது. மேலே பெயின்ட் அடித்தால் உப்பு உள்ளேயே அடைந்து, பெயின்ட்டோடு சேர்ந்து உரியும். காரக் கரைசலில் மாதக்கணக்கில் ஊறவைத்து, கரைசலை மாற்றி மாற்றி உப்பை இறக்கிய பிறகே பூச்சு. அடியில் மழைநீர் தேங்காதபடி கட்டைகள் மேல் தூக்கிவைக்க வேண்டும்.

காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போங்கள். பல இரும்புப் பாளங்களை ஒன்றாக அடித்து இணைத்த கோடுகள் தண்டு நெடுக அப்போதுதான் தெரியும். அந்தக் கோடு கையும் தண்டும் சேரும் இடத்தில் வாய் பிளந்திருந்தால், உலைக்களத்தில் சரியாகப் பற்றாத இணைப்பு அது.