ஆட்டோக்காரர் கேட்ட இருநூறும் ராஜகிரி மணிக்கூண்டும்

மாடிப்படி இறங்கும்போதெல்லாம் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. வலி போனால் உற்சாகமும் போய்விடும், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

செஞ்சிக் கோட்டையைப் பார்த்திருக்கிறேன் என்பவர்களில் பாதிப் பேர் திருவண்ணாமலை போகும் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தவர்கள். மீதிப் பேர் கல்யாண மகால் முன்னால் நின்று போட்டோ எடுத்து, மரத்தடியில் புளிசாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியவர்கள். அதெல்லாம் கோட்டையின் வாசல். கோட்டை மேலே இருக்கிறது, 800 அடி உயரத்தில், ராஜகிரி உச்சியில். அங்கே இருக்கும் மணிக்கூண்டில் நிற்காதவர்கள் செஞ்சியைப் பற்றிப் பேசக்கூடாது என்று சட்டம் போட்டால் நான் கைதூக்குவேன்.

ஆளுக்கு 500 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும் என்று நானும் சித்தப்பா பையனும் பேசி வைத்துக்கொண்டுதான் கிளம்பினோம். சென்னையிலிருந்து திண்டிவனம் வரை சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்து செஞ்சி வெறும் 28 கிலோமீட்டர். ஆனால் நாங்கள் ஏறிய பஸ் அதை ஒரு யுகமாக்கிவிட்டது. நின்றுகொண்டே பயணம், காலுக்கடியில் யாருடையதோ வெங்காய மூட்டை, தலைக்கு மேலே ஸ்பீக்கர். கண்டக்டரிடம் சத்தத்தைக் குறைக்கச் சொன்னால், "டிரைவருக்குத் தூக்கம் வரும், பரவாயில்லையா?" என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது.

அப்புறம் ஆட்டோ. பஸ் நிலையத்திலிருந்து கோட்டை இரண்டு கிலோமீட்டர் இருக்கும்.

"கோட்டைக்கு எவ்ளோண்ணே?"

"இருநூறு குடுங்க."

"ரெண்டு கிலோமீட்டருக்கா?"

"திரும்பக் காலியாத்தானே சார் வரணும்."

பேசிப் பேசி 150-க்கு இறங்கினார். கோட்டை வாசலில் நாங்கள் இறங்கவும், பஸ் நிலையம் போக ஒரு குடும்பம் ஏறிக்கொள்ளவும் சரியாக இருந்தது. காலியாவது கத்தரிக்காயாவது! நுழைவுச்சீட்டு ஆளுக்கு 25 ரூபாய்தான். அந்த ஆட்டோ காசில் ஆறு பேர் கோட்டைக்குள்ளேயே போயிருக்கலாம். இதைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் தயவுசெய்து நடந்துவிடுங்கள், இல்லையென்றால் திருவண்ணாமலை பஸ் ஏறிக் கோட்டையருகே இறங்கிக்கொள்ளுங்கள். அந்த ரோடு கோட்டை மதிலை ஊடுருவிக்கொண்டுதான் போகிறது.

கீழே இருப்பவற்றைச் சீக்கிரம் முடித்துக்கொள்வது நல்லது, வெயில் ஏறிவிடும். கல்யாண மகால் அழகு, மறுக்கவில்லை. முற்றத்துக்கு நடுவே எட்டு அடுக்குக் கோபுரம், மேல் மாடிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோக மண்குழாய் பதித்திருக்கிறார்கள். குதிரை லாயம், நெற்களஞ்சியம், யானைக்குளம் எல்லாம் பக்கத்திலேயே. பார்த்தோம், நடந்தோம்.

மலைப்பாதை ஆரம்பத்தில் நிழலாக, மரியாதையாகத்தான் இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் படிகள் குணத்தைக் காட்ட ஆரம்பிக்கின்றன. ஒரு படி அரை அடி, அடுத்தது முழங்கால் உயரம். மூச்சு ஒரு தாளத்துக்கு வருவதற்குள் அடுத்த படி அதைக் கெடுத்துவிடும். இடையிடையே வாசல்கள். ஒவ்வொன்றிலும் நுழைந்ததும் பாதை சட்டென்று திரும்புகிறது. யானையை ஓடவிட்டுக் கதவை முட்ட இடம் கிடையாது. எனக்கே முதுகுப் பையோடு திரும்பச் சிரமமாக இருந்தது.

பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். குரங்குகள் இங்கே சுங்கம் வசூலிக்கின்றன. ஒன்று வந்து தம்பியின் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி, மூடியைப் பல்லால் கடித்துத் திருகித் திறந்து, எங்களைப் பார்த்துக்கொண்டே குடித்தது. பாதையில் எங்குமே எங்களுக்குக் குடிதண்ணீர் கிடைக்கவில்லை. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றினார்களே, அதில் தமிழ்நாட்டுக்காரன் இது ஒன்றுதான், மற்ற பதினொன்றும் மகாராஷ்டிரத்தில். பட்டம் வந்தாயிற்று, ஒரு குழாயும் வந்தால் நன்றாக இருக்கும். ஆளுக்கு இரண்டு லிட்டர் கொண்டுபோங்கள்.

கமலக்கண்ணி அம்மன் கோயில் தாண்டி, இதோ உச்சி என்று நினைக்கும் இடத்தில் மலையே பிளந்து கிடக்கிறது. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். இப்போது பாலம் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பலகையை உள்ளே இழுத்துக்கொண்டால் தீர்ந்தது கதை. பாலத்தின் நடுவில் நின்று கீழே எட்டிப் பார்த்தேன், தொடை கூசியது. இத்தனை வாசலையும் உடைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் ஏறி வந்தவன், இங்கே நின்று எதிர்ப்பக்கத்து ஆட்களைத் திட்டுவதைத் தவிர வேறு என்ன செய்திருக்க முடியும்?

அதற்கப்புறம் உச்சி. ரங்கநாதர் கோயில், கஜானா, களஞ்சியம், வெயிலில் காயும் பீரங்கி. நான் ஓடியது மணிக்கூண்டுக்கு. வளைவு வளைவாகத் திறந்திருக்கும் கட்டடம், உள்ளே போனதும் காற்று சட்டையைப் பிடித்து உலுக்குகிறது. சுண்ணாம்புப் பூச்சில் ஆணியால் கீறிய காதலர் பெயர்கள், இதயம், அம்பு. ஒரு மகராசன் கைபேசி எண்ணையும் எழுதியிருக்கிறான். இவ்வளவு மூச்சு வாங்க ஏறி வந்து ஆணியைத் தேடியிருக்கிறார்கள் பாருங்கள்!

அதைப் பார்க்காமல் வெளியே பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கிருஷ்ணகிரி, இன்னொரு பக்கம் சந்திரகிரி, மூன்று மலைகளையும் கோத்துக்கொண்டு ஓடும் மதில். கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர் நீளம் என்று படித்திருந்தேன், அங்கே நின்றபோதுதான் அது எண்ணாக இல்லாமல் மதிலாகத் தெரிந்தது. உள்ளே வயல், குளம், பாறைக்குவியல். வெளியே கண்ணுக்கெட்டிய வரை சமவெளி. படை வந்தால் வருவதற்கு வெகு முன்பே புழுதி தெரிந்துவிடும்.

சிவாஜி 1677-இல் பிடித்த கோட்டை. அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து உட்கார்ந்தபின் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-இல் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டை விழுந்தது 1698-இல். அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார். சுல்பிகர் கான் வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. அந்த மதிலைச் சுற்றி நிறுத்த எத்தனை ஆள் வேண்டும், அத்தனை பேருக்கும் எங்கிருந்து சோறு? மேலே இருப்பவனுக்கோ களஞ்சியம் இருக்கிறது, சுனையும் இருக்கிறது. 1714-இல் தேசிங்கு ராஜா ஆற்காட்டு நவாபின் படையை எதிர்த்து வெளியே இறங்கிப் போய்ச் சமவெளியில் மோதி உயிரை விட்டார். மணிக்கூண்டில் நின்றபோது, "ஏனப்பா இறங்கினாய்?" என்று கேட்கத் தோன்றியது. இதே கோட்டையைத்தான் 1750-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது மட்டும் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. பகலிலேயே எனக்குப் படி தெரியவில்லை.

இறங்கி வந்ததும் ரோட்டோரம் கேப்பங்கூழ். சொம்பு 20 ரூபாய், மோர் மிளகாயும் சின்ன வெங்காயமும் இலவசம். அந்த அம்மா, "மேல வரைக்கும் போனியா சாமி, அப்ப இன்னும் கொஞ்சம் குடி" என்று காசு வாங்காமல் ஊற்றினார். அவித்த மல்லாட்டை (வேர்க்கடலைதான்) வேறு, சூடாக. ஆட்டோவில் இழந்த மானத்தை இங்கே மீட்டுக்கொண்டோம்.

நேர விஷயம் ஒன்று: மதியம் மூன்று மணிக்கு மேல் ராஜகிரி ஏற விடமாட்டார்கள். நாங்கள் இறங்கும்போது ஒரு கும்பல் காவலரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அவர் அசையவில்லை, அதுதான் சரி. அந்தப் படிகளில் இருட்டில் இறங்கினால் எலும்பு மிஞ்சாது. காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள். முழங்கால் வலிக்கும் பெரியவர்கள் கூட வந்தால் கிருஷ்ணகிரி போதும். ரோட்டை ஒட்டியே இருக்கிறது, உயரமும் குறைவு. நாங்கள் அதற்கும் ஏறுவதாகத்தான் திட்டம். கூழ் குடித்த பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.