மூன்று மாதத்தில் காணாமல் போன ஜிங்க்

மச்சானும் நானும் பங்கு போட்டு ஒரு பழைய 21 அடி படகு வாங்கினோம். ஸ்டெர்ன்டிரைவ் வகை: எஞ்சின் படகுக்குள், கியரும் புரொப்பெல்லரும் பின்னால் தண்ணீரில். தண்ணீரில் கிடக்கும் அந்தப் பகுதி, அதாவது டிரைவ், அலுமினியம். தலைவலி அங்கேதான்.

விற்றவர் சொன்னது ஒன்றே ஒன்று, ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள் என்று. சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுப் பக்கம் போய்வந்த ஒவ்வொரு முறையும் ஹோஸை மாட்டிப் பத்து நிமிடம் விடுவோம். அதனால் எஞ்சினின் உள்பக்கம்தான் சுத்தமாகிறது, டிரைவ் இரவு பகலாகக் கடலிலேயே ஊறுகிறது என்பது அப்போது உறைக்கவில்லை. கையேட்டிலோ குளிர்காலப் பராமரிப்புக்கு ஒரு தனி அத்தியாயம்! நமக்கு ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பான கடல், படகில் ஒட்டி வளரும் பார்னக்கிள் என்ற ஓட்டு உயிரிக்கு ஓய்வே கிடையாது.

மூன்றாம் மாதம் படகைக் கரையேற்றினால், டிரைவில் மாட்டியிருந்த ஜிங்க் (துத்தநாக) கட்டிகள் சூப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி இருந்தன. அலுமினியத்துக்குப் பதிலாக அரிபடத்தான் ஜிங்க். அது தீர்ந்தால் அடுத்தது டிரைவ். பெயிண்ட் கொப்பளித்து, அடியில் வெள்ளைப் பொடி. படகின் அடிப்பகுதிக்கு அடித்த செம்பு கலந்த பெயிண்டையே டிரைவுக்கும் யாரோ அடித்திருந்தார்கள். உப்புத் தண்ணீரில் செம்பு அலுமினியத்தைத் தின்றுவிடும். சுரண்டிவிட்டுச் செம்பில்லாத பெயிண்ட் அடித்தோம், புது ஜிங்க் மாட்டினோம். (மக்னீசியக் கட்டி வாங்கிவிடாதீர்கள், அது நன்னீருக்கு.)

அடுத்த மூன்று மாதத்தில் அதுவும் கரைந்தது.

பட்டறையில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர்தான் கேட்டார்: "தம்பி, சார்ஜரை எப்பவும் கரை மின்சாரத்திலேயே விட்டிருக்கீங்களா?" ஆமாம், பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று. அந்த ஒயரிலுள்ள எர்த் வழியாக, மரினாவில் (படகுகள் நிறுத்தும் துறையில்) செருகியிருக்கும் எல்லாப் படகும் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. நடுவே கடல்நீர். மொத்தமும் ஒரே பேட்டரி! பக்கத்துப் படகின் வெண்கலப் புரொப்பெல்லரையும் எங்கள் ஜிங்க்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

மச்சான் உடனே எர்த்தைக் கழற்றிவிடலாம் என்றான். அண்ணன் திட்டினார். மின்கசிவு வந்தால் ஆள் செத்துவிடுவான். அதற்கென்று கால்வானிக் ஐசொலேட்டர் இருக்கிறது. இப்படிக் கசியும் சிறு நேர்மின்னோட்டத்தைத் தடுக்கும், ஆபத்துச் சமயத்தில் எர்த்தை வேலை செய்ய விடும். எலெக்ட்ரீஷியனை வைத்து மாட்டினோம்.

ஆறு மாதம் கழித்துக் கரையேற்றியபோது ஜிங்கில் பாதி இன்னும் மிச்சம். பாதி கரைந்தாலே மாற்றிவிட வேண்டும் என்பதால் அதையும் மாற்றினோம். கியர் ஆயிலைச் சொட்டவிட்டுப் பார்த்தோம். பால் நிறமாக இல்லை, அதாவது உள்ளே தண்ணீர் புகவில்லை. டிரைவ் படகோடு சேரும் இடத்தை மூடியிருக்கும் மடிப்பு உறையான ரப்பர் பெல்லோஸில் மட்டும் மடிப்போரம் மெல்லிய வெடிப்பு. அது கிழிந்தால் படகுக்குள்ளேயே கடல் வந்துவிடும், அதனால் யோசிக்காமல் புதிது போட்டாயிற்று.

போன வாரம் பக்கத்துப் படகுக்காரர் வந்து அங்கலாய்த்தார், இப்போதெல்லாம் தன் ஜிங்க் ரொம்பச் சீக்கிரம் தீர்ந்துபோகிறதாம். மச்சான் என் முகத்தைப் பார்த்தான்.