செம்பியோடு கசூரினாவுக்கு

செம்பிக்கு இப்போது 11 மாதம். போன சித்திரையில் பக்கத்து வளவில் பிறந்த ஐந்து குட்டிகளில் ஒன்று. ஊர் நாய்தான், செம்பு நிறம், வலது காது மட்டும் இன்னும் நிமிரவில்லை. இந்த வயதில் ஒரு நாய்க்குள் இருக்கிற ஓட்டத்தை வளவுக்குள் அடைத்து வைக்கவே முடியாது. ஒரு நாள் வெளியே கொண்டுபோகாவிட்டால் அடுத்த நாள் வாழைக்கன்றைச் சுற்றிக் கிடங்கு கிண்டியிருப்பாள், யாருடைய செருப்பாவது ஒன்று கிணற்றடியில் கிடக்கும். அதனால் விடிய ஐந்தரைக்குப் படலையைத் திறப்பது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது.

நாங்கள் இருப்பது யாழ்ப்பாணத்துச் சித்தங்கேணி. வழக்கமான ஓட்டத்துக்கு வழுக்கையாற்றுப் பக்கத்து வயல்வெளிதான். வழுக்கையாற்றில் மாரியில்தான் தண்ணீர் ஓடும், மற்ற நாளில் ஆறு என்று சொன்னால் வெளியூர்க்காரர் நம்பமாட்டார்கள். மாசியில் அரிவு வெட்டி முடிந்து வயல் வெறுமையாகக் கிடக்கும்போது அதைவிட நல்ல இடம் ஒரு இளம் நாய்க்கு இந்தப் பக்கத்தில் கிடையாது. வாகனம் இல்லை, வேலி இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் வெளி, நடுவில் நாலு கொக்கு. மாடு கட்டியிருக்கிற பக்கம் மட்டும் நான் போகமாட்டேன், அவள் குரைத்து மாடு மிரண்டால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிடும்.

ஆனால் ஒரு பிழை விட்டேன், அதைச் சொல்லத்தான் வேண்டும். புரட்டாதியில், அவளுக்கு ஐந்து மாதம் இருக்கும், சைக்கிளில் நான் போக அவள் பக்கத்தில் ஓடி வரட்டும் என்று தார் ரோட்டில் கூட்டிப் போனேன். நேரம் ஒன்பது தாண்டிவிட்டது. அவளோ நிற்கவே மாட்டேன் என்று ஓடினாள். வீட்டுக்கு வந்து படுத்தவள் முன்னங்காலை நக்கியபடியே இருந்தாள். தூக்கிப் பார்த்தால் பாதத்தின் கறுத்த மெத்தை கொப்பளித்து ஓரிடத்தில் தோல் உரிந்திருந்தது. அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மிருக வைத்தியர் மருந்து போட்டுவிட்டு இரண்டு விஷயம் சொன்னார். நாய்க்கு எங்களைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில்தான் கொஞ்சம் வியர்க்கும், சூட்டை இறக்குவது நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான், ஆகவே ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள், ஐந்து விநாடி பொறுக்க முடியாவிட்டால் நாயை இறக்காதீர்கள் என்றார். மற்றது, எலும்பு வளர்ந்து முடிய ஒரு வயதாவது ஆகும், பெரிய இன நாய்களுக்கு அதைவிடக் கூடவும் எடுக்கும், அதுவரை சைக்கிளோடு நெடுந்தூரம் ஓட்டாமல் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, நிற்கவிட்டு, மணக்கவிட்டுக் கூட்டிப் போங்கள் என்றார். அன்றிலிருந்து சைக்கிள் இல்லை. அவள் நிற்கிற இடத்தில் நானும் நிற்கிறேன். ஒரு பூவரச மரத்தடியை அவள் ஐந்து நிமிடம் மணந்துகொண்டு நிற்பாள், நான் பேசாமல் நிற்பேன்.

சரி, காரைநகர்க் கசூரினாக் கடற்கரைக்குப் போன கதைக்கு வருகிறேன். பங்குனி தொடக்கத்தில் கடல் அமைதியாக இருக்கிறது என்று மாமா சொன்னார். ஓட்டோ அவருடையது. சனி ஞாயிறு கசூரினாவில் சனம் நிறைந்துவிடும், சின்னப்பிள்ளைகள் நாயைக் கண்டால் பயப்படும், அதனால் ஒரு புதன்கிழமை வெள்ளனவே வெளிக்கிட்டோம், நான், தங்கச்சி, மாமா, செம்பி. அவளுக்குச் சாப்பாடு போடவில்லை. வயிறு நிறைய இருந்தால் ஓட்டோவில் சத்தி எடுப்பாள், ஓடுவதற்கும் நல்லதல்ல. இரண்டு போத்தல் கிணற்றுத் தண்ணீர், ஒரு பெரிய சிரட்டை, 30 அடி நைலோன் கயிறு, கழிவு அள்ளப் பழைய பாண் பைகள், இவ்வளவுதான் சாமான்.

மூளாய் தாண்டிப் பொன்னாலைக்கு வர, வரதராசப் பெருமாள் கோயில் மணி கேட்டது. அதற்கப்பால் காரைநகருக்குப் போகிற தாம்போதி. எத்தனையோ தரம் மோட்டார் சைக்கிளில் இதைக் கடந்திருக்கிறேன், ஒரு நாளும் நின்றதில்லை. அன்று செம்பி ஓட்டோவுக்கு வெளியே தலையை நீட்டி மூக்கை மேலே தூக்கி அப்படி மணந்தாள், மாமா தானாகவே ஓரம் கட்டினார். இரண்டு பக்கமும் கண்ணாடி போலக் கடல், தடி நட்டுக் கட்டிய வலை, முழங்கால் தண்ணீரில் நின்று இறால் பிடிக்கிறவர்கள், தூரத்தில் வெள்ளையாக நாரைக் கூட்டம். சேற்று மணம் எனக்கே முகத்தில் அடித்தது. அவளுக்கு அதில் என்னென்ன கிடைத்ததோ, வால் ஆடாமல் உடம்பெல்லாம் மூக்காக நின்றாள்.

ஆறரைக்குக் கசூரினா. சவுக்கு மரங்களுக்குக் கீழே ஊசி ஊசியாக உதிர்ந்த இலை மெத்தை, அதில் கால் வைத்ததும் அவளுக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி. வட்டமாக ஓடினாள், பின்பக்கத்தைத் தாழ்த்திக்கொண்டு, காது பின்னுக்குப் போக, எங்களை இடிப்பதுபோல வந்து கடைசி நொடியில் விலகி, திரும்ப அதே வட்டம். கயிறு மணலில் கோடு போட்டபடி பின்னாலே போனது. மேற்கே கோவளம் பக்கமா கிழக்கேயா என்று திசை பார்க்க நேரமில்லை. 1916 இல் கட்டிய வெளிச்சவீடு, 30 மீற்றர் உயரம், வெள்ளையாக நின்றது, திரும்பி வரும்போதுதான் ஆறுதலாகப் பார்த்தேன்.

அலை என்று சொல்ல அங்கே பெரிதாக இல்லை, கசூரினாவின் விசேஷமே அதுதான், எவ்வளவு தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. ஆனாலும் முதல் சின்ன அலை காலில் பட்டதும் பாய்ந்து பின்வாங்கிக் குரைத்தாள். நான் தண்ணீருக்குள் போய்ச் சும்மா நின்றேன், கயிற்றை இழுக்கவில்லை. கரையோரமாக நாலைந்து தரம் அங்குமிங்கும் ஓடினாள், முனகினாள், ஒரு காலை வைத்தாள், எடுத்தாள். பிறகு ஒரேயடியாக உள்ளே பாய்ந்து வந்து, நிலம் கால் எட்டாத இடத்தில் நாலு காலும் தானாகவே அடிக்க, மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு என்னை நோக்கி நீந்தினாள். கண் இரண்டும் என் முகத்தைவிட்டு அசையவில்லை. அவளை நான் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டேன், அவளுடைய நெஞ்சு அடித்த அடி என் கையில் கேட்டது.

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஒரு ஐயா நின்று பார்த்தார். “தண்ணிக்குள்ள காலை இழுத்து இழுத்து நடவுங்கோ தம்பி, திருக்கை கிடக்கும்” என்றார். காலைத் தூக்கி வைத்து மிதித்தால்தான் அது முள்ளால் அடிக்கும், மணலை உரசிக்கொண்டு போனால் விலகிவிடுமாம். அதற்குப் பிறகு அப்படியே நடந்தோம்.

நண்டு வளைதான் அவளுக்குப் பெரிய சந்தோஷம். ஒன்றைக் கிண்டி முடிய அடுத்ததில் நண்டு எட்டிப் பார்க்கும். மூக்கு நுனியில் ஈர மணல் தொப்பி போல ஒட்டியிருக்க, நிமிர்ந்து தங்கச்சியைப் பார்ப்பாள், திரும்பக் கிண்டுவாள். இடையில் கடல் தண்ணீரை நக்கத் தொடங்கினாள். உப்புத் தண்ணீர் உள்ளே போனால் சத்தியும் வயிற்றாலும் போகும், ஆகவே கால் மணித்தியாலத்துக்கு ஒரு தரம் மரத்தடிக்குக் கூப்பிட்டுச் சிரட்டையில் கிணற்றுத் தண்ணீர் வைத்தோம். சிரட்டை உருண்டு ஓடாமல் தங்கச்சி மணலில் பாதி புதைத்து வைத்தாள்.

எட்டேகாலுக்குப் புறங்கையை மணலில் வைத்துப் பார்த்தேன். இன்னும் பொறுக்கக்கூடிய சூடுதான், ஆனாலும் நாக்கு ஓரமெல்லாம் அகன்று தொங்கத் தொடங்கிவிட்டது. வெளிக்கிட்டோம். அவள் வர விருப்பமில்லாமல் இரண்டு தரம் உட்கார்ந்தாள்.

வீட்டில் கிணற்றடியில் வைத்து நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, விரல் இடுக்கில் மணல் எடுத்து, காதுக்குள் உண்ணி பார்த்தேன். உண்ணிக் காய்ச்சலில் எங்கள் ஒழுங்கையில் இரண்டு நாய் போய்விட்டன, அதனால் வெளியே போய் வந்தால் இதை ஒரு நாளும் விடுவதில்லை. கழுவி முடிய முன்னமே, நின்றபடியே கண் சொருகிவிட்டது அவளுக்கு.

அடுத்தது வடமராட்சியில் மணற்காடு. அங்கே மணல் மேடுகள், பக்கத்தில் சவுக்கங்காடு, மணலுக்குள் பாதி புதைந்த பழைய தேவாலயம். வெயில் ஏறினால் அந்த மணலில் நாய் நிற்காது, விடியமுன் நாலு மணிக்கே வெளிக்கிட்டால்தான் சரி. மாமாவிடம் ஓட்டோ கேட்டாயிற்று.