ஒன்று இரண்டாகத் தெரிந்தால் முதலில் ஒரு கண்ணை மூடுங்கள்

எதிரே வரும் பேருந்து திடீரென்று இரண்டாகத் தெரிகிறது, தலையும் சுற்றுகிறது. ‘கண் கோளாறுதான்’ என்று மோக்கா கண் மருத்துவமனைக்குக் கிளம்பவும் வேண்டாம், ‘தான்சியோன் (ரத்த அழுத்தம்) ஏறிவிட்டது’ என்று படுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடுங்கள், பிறகு மற்றதை. ஒற்றைக் கண்ணால் பார்த்தும் இரண்டாகவே தெரிந்தால் பழுது அந்தக் கண்ணில்தான்: புரை, வறட்சி, கருவிழி வளைவு. கண் மருத்துவர் போதும். எதை மூடினாலும் ஒன்றாகிவிட்டால் இரு கண்களும் ஒத்துத் திரும்பவில்லை. அவற்றைத் திருப்பும் தசையிலோ நரம்பிலோ மூளைத்தண்டிலோ கோளாறு.

கூடவே தலைசுற்றல் என்றால் பக்கவாதம் என்றே முதலில் எண்ண வேண்டும். பிடரி வழியாக மூளையின் பின்புறம் போகும் ரத்தக்குழாய் அடைபட்டால் கை கால் விழாமலேயே இப்படி வரும். நாக் குழறல், விழுங்கும்போது புரையேறுதல், நிற்க முடியாத தள்ளாட்டம் ஆகியவையும் சேரலாம். உடனே 114-ஐ அழையுங்கள்; அதுதான் சாமு, மொரீஷியஸின் அவசர ஆம்புலன்ஸ். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நான்கரை மணி நேரமே கெடு. அது கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து கணக்கு. தூங்கி எழும்போதே இருந்தால், படுக்கப்போன நேரம். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் போங்கள். ஆனால் ஆஸ்பிரின் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஒருவேளை ரத்தக்கசிவாக இருக்கலாம்.

வண்டி வருவதற்குள் சர்க்கரையைப் பாருங்கள். காவடி விரதத்தில் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு, கிளிக்ளசைடு என்ற சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ வழக்கம்போல் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இறங்கி இதே தொல்லை வரும். 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்து, நினைவு தெளிவாக, தடையின்றி விழுங்கவும் முடிந்தால் 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள். அளவு ஏறியும் இரட்டைப் பார்வை மாறவில்லையென்றால் காரணம் வேறு.

நீண்டகாலச் சர்க்கரை நோயால் கண்ணைத் திருப்பும் நரம்பு ஒன்று செயலிழப்பதும் உண்டு. பெரும்பாலும் மூன்று மாதத்தில் தானே சரியாகும். ஆனால் இமை தொங்கி, கண்மணியும் விரிந்திருந்தால் ரத்தக்குழாய் வீக்கம் நரம்பை அழுத்துகிறதா என்று அன்றே பார்க்க வேண்டும்.

மாலையில் மட்டும் கூடினால் தசைகள் சீக்கிரம் களைத்துப்போகும் மயஸ்தீனியா நோயாக இருக்கலாம். வலிப்பு மாத்திரை, குறிப்பாகக் கார்பமசெபின், அளவு மீறினாலும் இப்படித்தான். நாள்பட்ட குடியர் உளறித் தள்ளாடினால் வைட்டமின் பி1 ஊசி தேவைப்படலாம்; போதை என்று விட்டுவிடுவதே அங்கே பெரிய தவறு.

மருந்துப் பெட்டியைக் கையோடு கொண்டுபோங்கள். முதல் சி.டி. ஸ்கேன் ‘நார்மல்’ என்று வந்தாலும் பின்மூளை அடைப்பு அதில் தப்பிவிடலாம். எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள்.