கக்கனைப் பற்றிப் பத்து நிமிடம்

டிசம்பர் 14, சனி

வாசகர் வட்டத்தில் வரும் 23ஆம் தேதி கக்கன் நினைவு நாளுக்கு என்னைப் பேசச் சொல்லிவிட்டார்கள். நான் மேலூர்க்காரன் என்பதைத் தவிர வேறு தகுதி எதுவும் இல்லை. பத்து நிமிடம்தானே, சரி என்றேன்.

சாயங்காலத்துக்குள் வாட்ஸாப்பில் ஆளாளுக்கு "இதையும் சேர்த்துக்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எல்லாம் ஒரே கதை. மதுரை அரசு மருத்துவமனையில் மேயராக இருந்த மதுரை முத்துவைப் பார்க்க முதல்வர் எம்.ஜி.ஆர். வருகிறார். முன்னாள் அமைச்சர் கக்கனும் அங்கேதான் சாதாரண வார்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஓடிப்போய்ப் பார்க்கிறார். நடந்ததுதான். ஆனால் 1957 முதல் 1967 வரை அமைச்சராக இருந்த மனிதர். அந்தப் பத்து வருஷத்தைப் பற்றி ஒரு வரிகூட யாரும் அனுப்பவில்லை. அவருடைய வறுமையை நாம் ரசிக்கிறோமோ என்றுகூடத் தோன்றுகிறது.

டிசம்பர் 16, திங்கள்

முதலிலிருந்தே தொடங்கலாம் என்று உட்கார்ந்தேன். 1908 ஜூன் 18, எங்கள் மேலூர்ப் பக்கத்துத் தும்பைப்பட்டி. அப்பா ஊர்க் கோயில் பூசாரி.

பூசாரி மகன். ஆனால் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் கால் வைக்க முடியாது. சாதி அப்படி. 1939 ஜூலை 8 அன்று வழக்கறிஞர் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோரையும் நாடார் ஒருவரையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குள் நுழைந்தார். அந்தச் சிறு கூட்டத்தில் கக்கனும் ஒருவர். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு துணை நின்றார். பட்டர்களில் சிலர் பூஜைக்கே வர மறுத்தார்கள். அப்புறம் ராஜாஜி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, உள்ளே போனவர்கள் மேல் வழக்கு வராமல் பார்த்துக்கொண்டது.

ஐயரைக் கக்கன் அப்பா ஸ்தானத்தில்தான் வைத்திருந்தார். 1955இல் ஐயர் இறந்தபோது பெற்ற பிள்ளையைப் போலத் தானும் மொட்டை போட்டுக்கொண்டார் என்று மதுரையில் இன்றைக்கும் சொல்வார்கள். அப்போது அவர் மக்களவை உறுப்பினர். குடும்பஸ்தர் கக்கன் என்று பேச வேண்டுமானால் இதிலிருந்துதான் தொடங்குவேன்.

டிசம்பர் 18, புதன்

பெரியப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். பொதுப்பணித்துறையில் லஸ்கராக, அதாவது வாய்க்காலையும் மதகையும் பார்த்துக்கொள்கிற ஊழியராக இருந்தவர், வாய்க்கால் கரையிலேயே பாதி ஆயுள் போனது. பேச்சுக்குக் குறிப்பு எடுக்கிறேன் என்றதும் பிடித்துக்கொண்டார்.

"ஏப்பா, எல்லாரும் அவுக ஆஸ்பத்திரியில கெடந்ததத்தான் சொல்றீக. தண்ணியப் பத்தி யாரு பேசுறா?"

அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதிவைக்கிறேன். பெரியாறு அணை 1895லேயே வந்துவிட்டது. மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பிய தண்ணீர் வைகையில் இறங்கிப் பேரணை என்ற தடுப்பணைக்கு வரும், அங்கிருந்து கால்வாயில் போகும். நடுவில் தேக்கி வைக்க இடம் கிடையாது. மழைக்காலத்தில் மிஞ்சுவதைப் பிடித்து வைத்து, வேண்டும்போது திறந்துவிடத்தான் ஆண்டிபட்டி பக்கம் வைகை அணை, 71 அடிக்கு. காமராஜர் 1959 ஜனவரியில் திறந்துவைத்தபோது பொதுப்பணித்துறை அமைச்சர் கக்கன். வேலை அவர் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது, அதனால் அணையை அவர் ஒருவர் கணக்கில் எழுதினால் தப்பு. ஆனால் முடித்துக் கொடுத்த துறை அவருடையது.

அந்தக் கால்வாயில் கள்ளந்திரி என்ற ஊர் வரைக்கும் இருபோகம், 45,041 ஏக்கர். அதற்குக் கீழே எங்கள் மேலூர்ப் பக்கம் ஒருபோகம், 85,563 ஏக்கர். நாங்கள் கடைமடை. எப்போது திறப்பார்கள் என்று வருஷா வருஷம் மனுக் கொடுத்துக்கொண்டு நிற்கிற ஊர். அந்த ஊர்க்காரர் கையில் பொதுப்பணித்துறை இருந்தது என்பதைப் பெரியப்பா சொல்லும்போது குரலில் ஒரு மிடுக்கு வந்ததைக் கவனித்தேன். "ஆனா எங்களுக்குன்னு தனியா எதுவும் திருப்பி விடல, தெரியும்ல?" என்று அதையும் அவரே சொன்னார். குறையாகச் சொன்னாரா பெருமையாகவா என்று பிடிபடவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

1963இல் உள்துறை. 1942 போராட்டத்தில் பிரிட்டிஷ் போலீஸ் பிடித்து அலிப்பூர் சிறைக்கு அனுப்பிய ஆள், இப்போது போலீசுக்கே அமைச்சர். லஞ்ச ஒழிப்புத் துறை 1964இல் வந்தது, அவர் காலம்தான்.

அதே காலத்தில்தான் 1965ம் வருகிறது. இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், ஜனவரி 25இல் மதுரையில்தான் கலவரம் வெடித்தது. பல ஊர்களில் துப்பாக்கிச் சூடு, சாவு. முதல்வர் பக்தவத்சலம், போலீஸ் அமைச்சர் கக்கன். வாட்ஸாப் கதைகள் எதிலும் இது கிடையாது. எழுதிய குறிப்பை அமைப்பாளருக்கு அனுப்பினேன். "நினைவு நாள்ல இது வேணுமா சார்?" என்றார். வேண்டும். கை சுத்தமான மனிதர் நடத்திய துறையும் சுடும். அதைச் சொல்லாமல் விட்டால் அவர் படமாகச் சுவரில் தொங்குவார், அவ்வளவுதான். 1967இல் காங்கிரஸ் ஆட்சியே போனது, அவரும் தோற்றார். அடுத்த நாளிலிருந்து டவுன் பஸ்.

டிசம்பர் 23, திங்கள்

பேசியாயிற்று. 1965 பகுதியில் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து வெளியே போனார், டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். தண்ணீர்க் கதைக்கு நல்ல வரவேற்பு.

முடிந்ததும் கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி கேட்டாள்: "சார், இவர் சொத்தே சேர்க்கலன்னு சொல்றீங்க. வீட்டை யார் நடத்தினாங்க?"

டிசம்பர் 24, செவ்வாய்

அந்தக் கேள்விக்கு நேற்று நான் சொன்ன பதில் போதாது. 1938இல் ஜீவானந்தம் தலைமையில் சிராவயலில் கல்யாணம். மனைவி சொர்ணம் பார்வதி. அடுத்த வருஷம் கணவர் கோயில் நுழைவுக்குப் போகிறார், நாலு வருஷத்தில் ஜெயிலுக்குப் போகிறார். பிற்பாடு டெல்லி, சென்னை. ஐந்து மகன்கள், ஒரு மகள். பதவி போன பின் வாடகை வீடு, நோய், ஆஸ்பத்திரி. 1981 டிசம்பர் 23இல் அவர் போகும் வரை அந்த அம்மாதான் எல்லாவற்றையும் சமாளித்திருக்கிறார். கணவர் கை நீட்டாமல் இருந்ததற்கு மாதாமாதம் விலை கொடுத்தவர் அவர். "எளிமை" என்று மேடையில் சொல்லும்போது நாம் அவரைக் கேட்டுக்கொண்டா சொல்கிறோம்?

அமைப்பாளருக்கு போன் செய்து, அடுத்த வருஷம் சொர்ணம் பார்வதி அம்மாளைப் பற்றி அந்தப் பெண்ணையே பேசச் சொல்லுங்கள் என்றேன். "அவ்வளவு விஷயம் கிடைக்குமா சார்?" என்றார். தேடட்டுமே, இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது.